இரண்டு தடவை கேட்கிறவர்

விருதுநகர் பஸ் நிலையத்தில் ஒரு மத்தியானம் மேடம் கண்டக்டரிடம், "வண்டி ஆமத்தூர்ல நிக்குமா?" என்று கேட்டார்.

"நிக்கும், ஏறுங்க."

அவர் ஏறவில்லை. படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, கொஞ்ச நேரம் கழித்து, "நிக்காமப் போயிருமா?" என்று கேட்டார்.

கண்டக்டருக்கு வந்ததே கோபம். "ஏம்மா, நிக்கும்னு இப்பத்தான சொன்னேன்? வெயில்ல எதுக்கும்மா உசுர வாங்குறீக?" என்று கத்தினார். மேடம் திருப்தியாக ஏறி உட்கார்ந்துகொண்டார். அவரோடு வந்த நான், அவரை யாரென்றே தெரியாதது போல முகத்தை வைத்துக்கொண்டு மூன்று சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

அவருக்கு அதுதான் பழக்கம். எதையும் இரண்டு தடவை, இரண்டு பக்கமிருந்தும் கேட்பார். காய்கறிக்காரம்மாவிடம் "கத்தரிக்கா இன்னைக்கு வந்ததா?" என்பார். "ஆமா" என்று பதில் வந்ததும் "நேத்து வந்ததா?" என்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதைத்தான் யாராலும் தாங்க முடியாது. பெருவிரலால் மற்ற நாலு விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பன்னிரண்டு வரை எண்ணுவார். அதுவரை எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார், வாயைத் திறக்கமாட்டார். போனிலும் இதைச் செய்வார். அந்தப் பக்கம் இருப்பவர் லைன் கட்டாகிவிட்டதென்று ஹலோ ஹலோ என்று கத்துவார்.

"எதுக்கு மேடம் ஆளைப் போட்டு இந்தப் பாடு படுத்துறீக?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டு கேள்விக்கும் ஒருத்தர் ஆமான்னு சொன்னா, அவரு பதில் சொல்லல அண்ணாச்சி. தலையாட்டியிருக்காரு. அம்புட்டுதான்."

அவருடைய பேரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். எழுதாம விட்டா வருத்தமா என்றும் கேட்டேன், இல்லை என்றார். அவரோடு பழகினவனுக்கு அவர் பழக்கம் ஒட்டாமல் போகுமா?

அவர் விஞ்ஞானி. மூளைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் பேச்சுவார்த்தை வைக்கிற ஆராய்ச்சி. வெளிநாட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷம், பிறகு பெங்களூரில் கொஞ்ச காலம். கடைசியில் விருதுநகர்ப் பக்கம் ஒரு என்ஜினியரிங் கல்லூரியில், ஜெனரேட்டர் ரூமை ஒட்டி ஒரு அறை கொடுத்திருந்தார்கள். மண்டையைத் திறந்து கம்பி வைக்கிற வேலை அவருடையது அல்ல. தலையைச் சுற்றிக் கட்டுகிற ஒரு பட்டைதான். தோலுக்கு மேலேயே மூளையின் மின்சாரம் லேசாகக் கசியுமாம், அதைப் பட்டை எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். வலது கையை இறுக்கி மூடுவதாக மனசுக்குள் நினைத்தால் பச்சை விளக்கு எரியும், அது ஆமாம். இடது கையை நினைத்தால் சிவப்பு, அது இல்லை. கை அசைய வேண்டியதில்லை, நினைத்தால் போதும்.

"ராக்கெட்டா ஓட்டப் போறோம்? மோர் வேணுமா வேண்டாமான்னு ஒருத்தர் அவரே சொல்லணும். காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் வீட்டுல வச்சுப் பொழங்குற சாமானா இருக்கணும், மிக்ஸி மாதிரி" என்பார். சோதனையில் முதல் கேள்வி எப்போதும் மோர்தான். அதனால் கல்லூரியில் பிள்ளைகள் அவருக்கு மோர் மேடம் என்று பட்டப்பேர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

பட்டை வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. ஒன்று பழுதானால் ஆறு மாசம் காத்திருக்கவேண்டும். சிவகாசியில்தான் எதன்மேல் வேண்டுமானாலும் எதையும் அச்சடிப்பார்களே என்று யாரோ சொல்ல, ஒருநாள் என் ஷெட்டுக்கு வந்து நின்றார். எனக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் தொழில். பட்டாசுப் பெட்டி லேபிள், ஸ்டிக்கர், பிளாஸ்டிக் ஷீட் என்று வருகிற ஆர்டரை எல்லாம் போடுவேன். கையில் ஒரு சின்ன டப்பாவில் வெள்ளிக் குழம்பு வைத்திருந்தார்.

"கல்யாணக் கார்டு மை மாதிரி இருக்கே" என்றேன்.

"இதுல கரண்ட் ஓடும் அண்ணாச்சி."

"எங்க ஊர்ல கம்பியிலயே ஒழுங்கா ஓடாது மேடம்" என்றேன். சிரித்தார். அந்த நிமிஷமே கரண்ட் போய்விட்டது, நான் சொன்னதைக் கேட்டது போல.

ஷெட்டில் உட்கார முடியாத புழுக்கம். பின்னால்தான் வீடு, வாங்க, தண்ணி குடிங்க என்று கூட்டிப்போனேன். முன் அறைக் கட்டிலில் என் அண்ணன் கிடந்தார். மூளையில் ரத்தக் குழாய் அடைத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பேச்சு இல்லை, கை கால் இல்லை. கண் திறந்திருக்கும், ஆனால் அவர் இஷ்டத்துக்குத் திரும்பாது, இமையும் தானாக மூடித் தானாகத் திறக்கும்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்றேன். யார் வந்தாலும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன வாக்கியம்.

மேடம் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "அண்ணாச்சி, விசிறட்டுமா?" என்று அண்ணனிடம் கேட்டார்.

"வேணாம்மா, அவுகளுக்குக் காத்து ஆகாது" என்றார் என் மதினி, அண்ணனின் சம்சாரம்.

மேடம் மதினியைப் பார்க்கவில்லை. அண்ணனின் முகத்தைப் பார்த்தபடி பன்னிரண்டு எண்ணினார். பிறகு, "விசிற வேண்டாமா?" என்றார். இன்னொரு பன்னிரண்டு. அந்த அறையில் மூன்று வருஷமாக யாரும் அண்ணனிடம் ஒன்று கேட்டுவிட்டு அம்புட்டு நேரம் நின்றதில்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

வெளியே வந்ததும் மேடம் கேட்டார்: "அவருக்குத் தெரியாதுன்னு உங்களுக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்?"

அவர் எண்ணி முடித்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் மேடத்தின் கதை விளங்காது. அண்ணன் விழுவதற்கு ஆறு மாசம் முன்பிருந்தே என்னோடு பேசுவதில்லை. நாங்கள் முதன்முதலில் தொழில் ஆரம்பித்த, காலால் மிதித்து ஓட்டுகிற அச்சு மெஷினை, அவர் திருச்செந்தூர் போயிருந்த நாளில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். சீசன் நேரம், இடம் வேண்டியிருந்தது. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. திரும்பி வந்து வெறும் தரையைப் பார்த்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. ஒரே ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டு, ஏதாவது சொல்லவேண்டுமானால் மதினி வழியாகச் சொல்லியனுப்புவார். ஆடியில் சண்டை, தை முடியும் முன்னே விழுந்துவிட்டார். அவர் மன்னித்தாரா இல்லையா என்பது அவரோடு உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டது. தினமும் அவரைத் திருப்பிப் போடுவேன், முகம் வழிப்பேன், அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டேதான்.

அதனால் அடுத்த வாரம் மேடம், "உங்க அண்ணனுக்குப் பட்டை கட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டபோது, உடனே சரி என்றேன், இரண்டாவது கேள்விக்கு அவரை விடவில்லை.

முதல் நாள் எண்ணெயில் போயிற்று. நல்ல காரியம் நடக்கப்போகிறது என்று மதினி விடியற்காலையிலேயே அண்ணனுக்கு நல்லெண்ணெய் வைத்துத் தலைமுழுக்காட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி வைத்திருந்தார். எண்ணெய்த் தலையில் பட்டை ஒன்றையும் பிடிக்காது. மேடம் கோபப்படவில்லை. "அடுத்த வாரம் வாறேன், சீயக்கா மட்டும் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அவர் வேலையில் பாதி அப்படித்தான் போகும், வந்து ஒன்றும் நடக்காமல் திரும்பிப் போவதிலேயே.

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வெளிநாட்டுப் பட்டையைக் கட்டினார். விடை நமக்கே தெரிந்த கேள்விகள் பத்து. ஐந்துக்கு ஆமாம், ஐந்துக்கு இல்லை. ஒரு கேள்வியையே மூன்று நாலு தடவை கேட்டுத்தான் ஒரு பதிலை எடுப்பார். பத்துக் கேள்வி முடிவதற்குள் அண்ணனும் சோர்ந்துவிடுவார், கேட்டவரும் சோர்ந்துவிடுவார், பார்த்துக்கொண்டிருக்கிற எங்களுக்கும் முதுகு விட்டுப்போகும். நாலாவது வாரம் எட்டு சரியாக வந்தது. மேடம் நோட்டில் எழுதிவிட்டு, நோட்டை மூடாமல் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்காரு" என்று மட்டும் சொன்னார். மதினி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

நான் என் கேள்வியைக் கேட்கட்டுமா என்றேன். "இன்னும் ஆகல அண்ணாச்சி. மொதல்ல நம்ம ஊர்ப் பட்டை சரியா வரட்டும்" என்றார்.

நம்ம ஊர்ப் பட்டை என்றால் நான் அச்சடிக்கவேண்டியது. மாதிரி ஒன்று போட்டுக் காட்டியிருந்தேன், நன்றாக வேலை செய்தது. முழு ஆர்டராக ஐம்பது போடச் சொன்னார். எங்கள் தொழிலில் புது வேலைக்கு ஸ்கிரீன் எடுத்தால் தலைமாட்டில் ஒரு பிள்ளையார் சுழி போடாமல் மையைத் தொடமாட்டோம். பேப்பர் வேலையில் அது ஓரத்துக் கழிவில் விழும், கட்டிங்கில் வெட்டுப்பட்டுப் போய்விடும், பார்ட்டி கண்ணிலேயே படாது. மாதிரிக்கு நான் போடவில்லை. முழு ஆர்டர், அதுவும் அண்ணன் தலையில் ஏறப்போகிற பொருள், அதற்குப் போடாமல் இருப்பேனா? என் கையாலேயே எழுதினேன். மேடம் வரைந்து கொடுத்த படத்தில் கழிவு ஓரமே கிடையாது என்பதை நான் யோசிக்கவில்லை. வெள்ளிக் குழம்பை வீணாக்கக்கூடாதென்று, கரண்ட் ஓடுகிற கோடுகளை விளிம்பு வரைக்கும் இழுத்திருந்தார். அதன்மேல் கறுப்புப் பூச்சு ஒன்று போட்டதும் சுழியும் மறைந்துவிட்டது.

புதுப் பட்டை வந்த அந்த வாரம் சென்னையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மேடத்தின் ஆராய்ச்சியை இன்னும் மூன்று வருஷம் நடத்தவிடுவதா நிறுத்துவதா என்று முடிவு சொல்கிறவர்கள். மதினி கேசரி கிண்டியிருந்தார். மேடம் புதுப் பட்டையைக் கட்டி, வழக்கம்போல ஆரம்பித்தார். "உங்க சொந்த ஊரு சிவகாசியா?" பச்சை. "உங்க சம்சாரம் இந்த ரூம்ல இருக்காகளா?" பச்சை. முன்பெல்லாம் மூன்று தடவை கேட்டால்தான் வருகிற பதில், முதல் தடவையிலேயே பளிச்சென்று வந்தது. சென்னைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

மேடம் அடுத்த கேள்விக்கு நோட்டைத் திருப்புவதற்குள் கட்டிலோரம் மண்டி போட்டு, "அண்ணே, என்னை மன்னிச்சிட்டீகளாண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

பச்சை எரிந்தது.

மேடம் கையை நீட்டி என்னவோ சொல்ல வந்தார். யார் கேட்டார்கள்? நான் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன், மதினி அழுகிறார், சென்னையிலிருந்து வந்ததில் ஒருத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், இன்னொருத்தர் போனில் படம் எடுக்கிறார். அந்த ஆரவாரத்தில் அண்ணன் கண் செருகித் தூங்கிப்போனார். "இல்லைன்னு பதில் வரவேண்டிய கேள்வி ஒண்ணுகூடக் கேக்கலங்க" என்று மேடம் வாசல் வரைக்கும் அவர்கள் பின்னால் போய்ச் சொன்னார். "அதெல்லாம் பார்த்துட்டோம் மேடம்" என்று சிரித்துக்கொண்டே அவர்கள் காரில் ஏறினார்கள்.

நான் அன்றைக்கே கோயிலில் நூற்றியெட்டுத் தேங்காய் உடைத்தேன். கடைத்தெருவில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன், அண்ணன் என்னை மன்னிச்சிட்டார், மெஷினே சொல்லிருச்சு என்று. மூன்று வருஷத்துக்குப் பிறகு ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன்.

எட்டாம் நாள் உச்சிவெயிலில் மேடம் வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. பட்டையை என் மேஜையில் வைத்து, அடியில் போன் டார்ச்சைப் பிடித்தார். கறுப்புப் பூச்சுக்குள்ளே என் பிள்ளையார் சுழி, இரண்டு கோடுகளின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"இத என் தலையில கட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் இல்ல, இல்லன்னு நெனச்சேன் அண்ணாச்சி. ஆமாம், ஆமாம்னே எரியுது. இந்தச் சுழி ரெண்டு கோட்டையும் ஒட்ட வச்சிருச்சு. இடது பக்கம் செத்துப் போச்சு. வலது கைய நெனச்சா மூளையில இடது பக்கம் அடங்கும், அதனால அந்தப் பக்கம் அமைதியா இருந்தா மெஷின் ஆமாம்னு எடுத்துக்கும். அன்னைக்கு உங்க அண்ணனுக்குப் பதிலா ஒரு தேங்காய்க்குக் கட்டியிருந்தாலும் பச்சைதான் எரிஞ்சிருக்கும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஆத்திரம்தான் வந்தது, அவர்மேல்.

"இப்ப எதுக்கு மேடம் இதைக் கிண்டுறீக? அவுக சந்தோசமாப் போயிட்டாக. உங்களுக்கும் மூணு வருசம் கெடைக்கப் போகுது. எனக்கும் மனசு ஆறிருச்சு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"உங்க அண்ணன் சொல்லாததை அவரு சொன்னதா எல்லாரும் சொல்லிக்கிட்டு இருக்கோம். அவரு அங்கன படுத்துக்கிட்டு அதைக் கேட்டுக்கிட்டு இருக்காரு."

"பிள்ளையார் சொன்னதா இருக்கட்டும் போங்க!" என்று கத்தினேன்.

அவர் பன்னிரண்டு எண்ணினார். "பிள்ளையார்கிட்டயா கேட்டீக? அண்ணன்கிட்டதான கேட்டீக."

சென்னைக்கு மட்டும் எழுதாதீர்கள் என்று கெஞ்சினேன். "எழுதி அனுப்பிட்டுத்தான் வாறேன். உங்களப் பாத்துட்டா எழுத மனசு வராது" என்றார். அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். எட்டு நாளாகத் தூங்கவில்லை என்று தெரிந்தது. போகும்போது வாசலில் திரும்பி, "சுழி போட வேண்டாம்னு சொல்லல. கோட்டுல படாம அரை இஞ்ச் தள்ளிப் போட முடியுமா?" என்றார். முடியும் என்றேன். "தள்ளிப் போட்டா உங்களுக்கு மனசுக்குக் குறையா இருக்குமா?" என்றார். இருக்காது என்றேன். அதற்குப் பிறகுதான் கிளம்பினார்.

உதவி வரவிருந்த இன்னொரு கதவையும் அவர் இப்படித்தான் சாத்தினார் என்று எனக்குத் தெரியும். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி, வெடிமருந்து அறையில் வேலை பார்க்கிறவன் மனசு வேலையில் இருக்கா வேற எங்கயாவது இருக்கான்னு இந்தப் பட்டை சொல்லுமா என்று கேட்டு வந்தார். சொன்னால் எம்புட்டு வேண்டுமானாலும் உதவி செய்வதாகச் சொன்னார். "வேற எங்கயாச்சும் இருந்தா என்ன செய்வீக?" என்று மேடம் கேட்டார். வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்றார் அவர். "அப்ப இது வேண்டாங்க. லீவு வேணுமான்னு அவருகிட்டயே கேளுங்க. வேண்டாமான்னும் கேளுங்க" என்றார் மேடம். நானும் அப்போது பக்கத்தில் இருந்தேன். வந்தவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்துப் புதிதாகப் போட்ட பட்டையோடு வந்தார். சுழி ஓரத்தில் தனியாக, யார் வழிக்கும் போகாமல் இருந்தது. பத்துக் கேள்வியும் கேட்டு முடித்தார். பச்சையும் வந்தது, சிவப்பும் வந்தது, மெதுவாக, பழையபடி. பிறகு என் பக்கம் திரும்பி, "இப்பக் கேக்கீகளா அண்ணாச்சி? கேக்காம விட்டுருவமா?" என்றார்.

எழுந்து போய்விடலாமா என்றுதான் தோன்றியது. ஆனாலும் கேட்டேன். "அண்ணே, என்னை மன்னிச்சிட்டீகளா?"

நாலு தடவை கேட்கவைத்தார். மூன்று தடவை சிவப்பு.

"இப்பத் திருப்பிக் கேளுங்க."

"எம்மேல இன்னும் கோவமா இருக்கீகளாண்ணே?"

நாலு தடவையும் பச்சை.

திடீரென்று மதினி சிரித்தார். அழுகையும் சிரிப்புமாக அண்ணன் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, "அதான பாத்தேன்! இவுக எப்ப அம்புட்டு லேசா மன்னிச்சாக? இதுதான் எங்க ஆளு, இதுதான் எங்க ஆளு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு நெஞ்சு வலித்தது. ஆனால் பொய்யாகக் கிடைத்த மன்னிப்பில் நான் அழுதபோது கட்டிலில் யார் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. என் அண்ணன் இருந்தார், அதே வீம்போடு இருந்தார்.

அதற்குப் பிறகு ஐந்து மாசம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மேடம் வருவார். மோர் வேணும், ஃபேன் வேண்டாம், தலையணையை எடு, ரேடியோ போதும் என்று அண்ணன் தன் வாயால் சொல்வது போலச் சொன்னார். காற்று ஆகாது என்று மதினி மூன்று வருஷம் நிறுத்தி வைத்திருந்த ஃபேன் அவருக்கு மத்தியானத்தில் வேண்டியிருந்தது. கடைசியில் நான் என் கேள்வியைக் கேட்பேன். கோபம் இருக்கா? பச்சை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலில் இரண்டு பச்சை, இரண்டு சிவப்பு. மன்னிச்சிட்டார்னு போடுங்க மேடம் என்றேன். அவர் நோட்டில் 'பதில் இல்லை' என்று எழுதினார்.

அப்புறம் மேடம் எழுதினதற்குச் சென்னையிலிருந்து பதில் கடிதம் வந்தது. ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. ஜெனரேட்டர் ரூம் பக்கத்து அறையைக் கல்லூரி ஸ்டோருக்கு எடுத்துக்கொண்டது, மெஷினையும் கணக்குப் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். அண்ணனின் பச்சையும் சிவப்பும் அதோடு போயின. ஒன்றரை வருஷம் கழித்து நெஞ்சில் சளி கட்டி இறந்தார். அந்த ஒன்றரை வருஷமும் மதினி அவரிடம் ஒவ்வொன்றையும் கேட்டார். "மோர் தரட்டுமா?" என்பார், நிற்பார். "வேண்டாமா?" என்பார், நிற்பார். பதில் வராது என்று தெரிந்தும், கையில் டம்ளரோடு நின்றார்.

என் கையால் எழுதின ஒரு சுழி மேடத்தின் மூன்று வருஷத்தை எடுத்தது, அண்ணனின் பேச்சையும் எடுத்தது. இதை மேடம் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் என்ன வரும் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. மறுபடியும் அதே தப்பு.

இப்போது அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆமத்தூரில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். முதல் காலண்டரை வருஷா வருஷம் அவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். இந்த வருஷமும் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மெலிந்திருந்தார். பரணில் பழைய பெட்டி இருந்தது, அதற்குள் நான் போட்ட பட்டைகளில் மிச்சம் இருக்கின்றன. வெளிநாட்டில் யாரோ விளையாட்டுக்கு இது மாதிரிப் பட்டை விற்கிறார்களாம், தங்கச்சி மகன் போனில் காட்டினானாம். "இல்லைன்னு சொல்றதுக்கு அதுல வழி இருக்கான்னு கேட்டேன். அவனுக்குத் தெரியல" என்றார்.

காலண்டரைப் புரட்டிப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கும் அறுபத்திரண்டு ஆகிறது, எத்தனை ஆடிக்கு வருவேனோ. கேட்டுவிட்டேன்.

"மேடம், அந்தச் சுழியப் போட்டதுக்கு எம்மேல கோவமா?"

"ஐயையோ, உங்க மேல எதுக்குங்க கோவம்? அக்கா அதையெல்லாம் என்னைக்கோ மறந்தாச்சு" என்றார் தங்கச்சி, அடுக்களை வாசலில் நின்றபடி.

நான் தங்கச்சியைப் பார்க்கவில்லை. மேடத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பெருவிரலைச் சுண்டுவிரல் கணுவில் வைத்து எண்ண ஆரம்பித்தேன். என் கையை அவர் பார்த்தார். ஒன்பதோ பத்தோ எண்ணியிருப்பேன்.

"ஆமா அண்ணாச்சி" என்றார்.

தங்கச்சி என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் இரண்டாவது கேள்வியைக் கேட்டேன்.

"இத்தனை வருசத்துல தீந்துருச்சா?"

இந்தத் தடவை பன்னிரண்டும் எண்ணி முடித்து மறுபடி முதல் கணுவுக்கு வந்துவிட்டேன். வெளியே ஒரு பஸ் நின்று கிளம்பிப் போனது.

"இல்ல" என்றார். சொல்லிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை என்று தெரிந்தது.

நான் தலையை ஆட்டினேன். எழுந்திருப்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியவில்லை.

"காப்பி குடிப்பீகளா?" என்று கேட்டார்.

"குடிக்கேன் மேடம்."

"குடிக்காமப் போயிருவீகளா?"

"இல்ல" என்றேன்.